வந்த நோக்கம்

பிப்ரவரி 3

சிட்டுக்கு,

நீ சுகமா என்று கேட்க இதை எழுதவில்லை. சுகமாகத்தான் இருப்பாய். இருக்கும் வரை இரு.

போன வாரம் படகுக்காரர் உன் கம்பெனி அச்சடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். வழவழ தாள். அட்டையில் நம் மடுவின் படம், பத்து வருஷத்துக்கு முந்தையது. தண்ணீர் அதில் இன்னும் நீலமாகவே இருக்கிறது. அவருடைய கண்ணாடி அடிப் படகும் இருக்கிறது. இப்போது அது அவர் வீட்டுக் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது, கோழி முட்டையிடுகிறது.

"அக்கா, நாப்பத்திரண்டாம் பக்கத்துல உங்க லாட்ஜ் வந்திருக்கு" என்றார். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். படிக்கச் சொன்னேன். படித்தார். எனக்கு ஒரு முறை கேட்டால் போதும், தெரியுமல்லவா, அப்படியே எழுதுகிறேன்:

"எரிவாயுத் திட்டம் தொடங்கிய இரண்டு ஆண்டுகளில் இப்பகுதிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் மூன்று மடங்கு அதிகரித்துள்ளனர். ஆதாரம்: மடு சாலை விடுதியின் பதிவேடு."

படகுக்காரர் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார். "மூணு மடங்கு ஜனம் வந்துச்சுன்னா, நான் எதுக்குக்கா கம்பெனிக்குத் தண்ணி லாரி ஓட்டிட்டு இருக்கேன்?"

அதற்குப் பதில் உன்னிடம் இருக்கும்.

அந்த இரண்டு வருஷமும் என் ஒன்பது அறையிலும் தங்கியது யார்? துளை போடுகிறவர்கள், வெல்டர்கள், லாரிக்காரர்கள். உன் கம்பெனி மொத்தமாகப் பிடித்துக் கொடுத்த ஆட்கள். பிறகு தகரக் கொட்டகை கட்டி எல்லோரையும் ஒரே காலையில் அங்கே கொண்டுபோய்விட்டார்கள். ஏழு மாதமாக ஒன்பது அறையும் பூட்டிக் கிடக்கிறது. விரிப்புகளில் பிடித்த கறுப்பு எந்த சோப்புக்கும் போகவில்லை.

ஆனால் ரிஜிஸ்டரில் "வந்த நோக்கம்" என்ற கட்டத்தில் அத்தனை பேருக்கும் நான் எழுதியது ஒன்றுதான்: சுற்றிப் பார்க்க. ஏன் அப்படி எழுதினேன் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் போன பிறகு அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. போலீஸ்காரர் வந்து என்னைத் திட்டினார். நீதான் சட்டைப் பெட்டி அட்டையைக் கிழித்து, அதில் பெரிய எழுத்தில் இந்த இரண்டு வார்த்தையையும் எழுதிக் கொடுத்தாய். "இந்த ஊருக்கு வேற எதுக்குக்கா வரப் போறாங்க? பார்த்துப் பார்த்து எல்லா வரியிலும் இதையே எழுதிடு" என்றாய். அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியதே அதுதான், அது சட்டம் என்று நான் இருந்தேன். முதல் வெல்டர் வந்தபோது சந்தேகம் வந்து உனக்கு போன் பண்ணினேன். "எழுதுக்கா, யார் பார்க்கப் போறா" என்றாய்.

போன ஜூலையில் மூன்று நாள் வந்து தங்கினாய். பாசம் என்று நினைத்தேன். போகும்போது, "ரிஜிஸ்டர் பைண்டிங் பிரிஞ்சிருக்கு, ஒட்டிக் கொண்டுவரேன்" என்று எடுத்துப் போனாய். பச்சைத் துணி ஒட்டி, மூன்று வாரம் கழித்துத் திருப்பி அனுப்பினாய்.

ஒரே கேள்வி. அதைக் கம்பெனிக்குக் கொடுத்தது நீயா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று. ஆபீஸ் பாஷையில் சுற்றி வளைக்காதே.

உன்னைத் தூக்கி வளர்த்தவள்


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ இவ்வளவு கோபப்படுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அறிக்கைப் பிரிவில் சுற்றுலா பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். அந்தப் பகுதியில் ஒழுங்காகப் பதிவேடு வைத்திருக்கும் ஒரே விடுதி உன்னுடையதுதான். அதைப் பெருமையாகத்தான் நினைத்தேன். பக்கங்களைப் பிரதி எடுத்துக்கொண்டேன். இல்லாத ஒன்றையும் நான் சேர்க்கவில்லை, ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. வந்தவர்களின் எண்ணிக்கை உண்மை. "ஒரு அறைகூட காலி இல்லடி, வராண்டாவிலயும் கட்டில் போட்டிருக்கேன்" என்று போனில் சிரித்தவள் நீதானே? அப்போது கம்பெனி கசக்கவில்லையே?

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். இன்னும் பதினோரு எரிவாயுக் கிணறு போட அனுமதி கேட்கிறார்கள். அரசாங்கத்திலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார். சுற்றுலாப் பகுதியை மேடையில் படிக்கப் போவது நான்தான். ஓய்வு பெற எனக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அதை அமைதியாகக் கழிக்க விடு.

கூட்டத்துக்கு நீ வர வேண்டாம் என்பது என் யோசனை. வக்கீல்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். பெரிய படிப்புப் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். இரண்டாம் வகுப்போடு நின்றவள் நீ. நாலு பேர் முன்னால் உன்னைக் கேலி செய்தால் என்னால் தாங்க முடியாது. உன் நல்லதுக்காகச் சொல்கிறேன்.

அன்புடன்,
சிட்டு


பிப்ரவரி 17

கம்பெனி அம்மாவுக்கு,

ஆமாம் என்ற ஒரு வார்த்தைக்கு ஒன்றரைப் பக்கம் எடுத்திருக்கிறாய். படித்தவள் அல்லவா.

இரண்டாம் வகுப்போடு நின்றேன் என்று எழுதியிருக்கிறாய். நான் நிற்கவில்லை, நிறுத்தினார்கள். நீ பிறந்த மாதம் அது. வாத்தியார் க வரிசையில் கௌ வரைக்கும் வந்திருந்தார். மறுநாள் ங வரிசை என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்தேன். கையிலிருந்த சிலேட்டை வாங்கிக்கொண்டு உன்னைக் கொடுத்தார்கள். அந்தச் சிலேட்டில்தான் பிற்பாடு நீ எழுதிப் பழகினாய். மிச்ச எழுத்தை உன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத்தான் பொறுக்கிக்கொண்டேன், இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அதன் ஓரத்தில் ஒரு மூலை உடைந்திருக்கும். அது நான் உடைத்தது.

இதை இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட உன்னிடம் சொன்னதில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா? சட்டென்று எழுதி வைக்கத் தெரிந்தவர்கள்தான் மறக்கலாம். எனக்கு அந்த வசதியை யாரும் செய்து கொடுக்கவில்லை.

ஆகவே ஒன்பதாம் தேதி நான் வருகிறேன். பச்சை ரிஜிஸ்டரும் என்னோடு வரும். உன் கம்பெனி ஆள் ஒருவர் முந்தாநாள் வந்து, "பழைய புத்தகம்தானே, எங்ககிட்ட கொடுத்துடுங்க, நாங்க பத்திரமா வெச்சுக்கறோம்" என்று தேனாகப் பேசினார். "எங்க வீட்ல பத்திரத்துக்குக் குறைச்சல் இல்ல, மரியாதைக்குத்தான் கொஞ்சம் குறைச்சல், அது உங்க காதுல விழறதுக்குள்ள கிளம்புங்க" என்றேன். செருப்பை மாட்டக்கூட அவருக்கு நேரமில்லை, கையில் எடுத்துக்கொண்டு போனார். அவரை அனுப்பியது நீதான் என்று அவர் சட்டைப்பையில் இருந்த காகிதத்திலிருந்தே தெரிந்தது. என் வீட்டுக்கு வழி எழுதிய கையெழுத்தை எனக்கா தெரியாது? ஒன்பது வருஷம் பார்த்து எழுதியவள்.

பதினோரு கிணற்றில் ஒன்று மடுவுக்கு இந்தப் பக்கம் வருகிறதாம். படகுக்காரர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். என் துணி காயப்போடும் கம்பியிலிருந்து கூப்பிடு தூரம். ஏற்கெனவே மடு பாலில் சாம்பல் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கிணறும் வந்தால் பாக்கி இருப்பது பெயர்தான்.

நீ மேடையில் படி. நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன். வரிசையாக ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

சிலேட் விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பிறந்த குழந்தை என்ன செய்திருக்க முடியும் என்று நீயே யோசித்துப் பார். அதற்கு இப்போது என்னைத் தண்டிக்கலாமா?

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். பதிவேட்டில் எழுதியிருப்பது உன் கையெழுத்து. அது பொய் என்று நீ சொன்னால், பொய்யாகப் பதிவேடு எழுதிய விடுதிக்காரி நீதான். லைசென்ஸை ரத்து செய்யலாம். வக்கீல் சொன்னார், நான் கற்பனை செய்யவில்லை.

இன்னொன்று. எல்லாப் பழியையும் என் தலையில் போடாதே. வருஷா வருஷம் மடுவைப் படம் வரைய வருவாளே ஒரு பெண், இரண்டாம் நம்பர் அறை, ஜன்னல் பக்கம் மேசை கேட்பவள். அவள் போன் பண்ணினபோது "இடம் இல்லை, இனிமேல் கேட்காதே" என்று சொன்னது யார்? நானா? பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் தங்குகிற ஆள் கிடைத்ததும் இரண்டு நாள் தங்குகிறவர்களை நீதான் துரத்தினாய். கம்பெனி உன் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

அந்த அட்டையைத் தூர எறிந்துவிடு. அதைப் பற்றி வெளியில் பேசாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், வராதே.

சிட்டு


மார்ச் 2

அட்டை என்னிடம் இருக்கிறது. சாவி மாட்டும் பலகைக்குப் பின்னால் ஒன்பது வருஷமாக அதே ஆணியில்.

ஒன்பதாம் தேதி பார்ப்போம். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வா. எல்லோரும் உன்னைப் பார்ப்பார்கள்.


மார்ச் 12

அக்காவுக்கு,

திருப்தியா?

மூன்று நாளாக எனக்குள் அந்தக் கூட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீ கீழேயிருந்து பார்த்தாய். மேடையிலிருந்து அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள். அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்.

நான் என் பகுதியைப் படித்து முடித்தேன். மூன்று மடங்கு என்ற இடத்தில் யாரோ விசில் அடித்தார்கள். நீ எழுந்தாய். அதிகாரி மரியாதையாகத்தான் கூப்பிட்டார், "சொல்லுங்க பாட்டி" என்று. "எனக்குப் பேரன் பேத்தி நாலு பேர் இருக்காங்க ஐயா, அந்தக் கணக்குல நீங்க இல்ல. லாட்ஜ்காரம்மான்னு கூப்பிடுங்க" என்றாய். மண்டபமே சிரித்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் முடிந்தேன் என்று.

பச்சை ரிஜிஸ்டரை அவர் கையில் கொடுத்தாய். "எந்தப் பக்கத்தை வேணும்னாலும் பிரிங்க. தேதி மட்டும் சொல்லுங்க" என்றாய்.

"போன வருஷத்துக்கு முந்தின ஜூன் பதினாலு" என்றார்.

"நாலாம் நம்பர் அறை. வெல்டர். இடது கையில கட்டு, ரெண்டு தலகாணி கேட்டார். எட்டு மாசம் இருந்தார், ஒரு நாள்கூட மடுவுக்குப் போகல. ஏன் தம்பின்னு கேட்டேன். 'பகல் பூரா அந்த மண்ணுலதானம்மா நிக்கிறேன், லீவுலயும் அதையா பார்க்கணும்'னார்."

அதிகாரி பக்கத்தைப் பார்த்தார். தேதி, அறை, தங்கிய நாள் எல்லாம் சரி. வேறு பக்கம் பிரித்தார். அதுவும் சரி. பதினேழு தேதி கேட்டார், அக்கா. நான் எண்ணினேன். பதினேழிலும் நீ ஒரு அறை எண்ணைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. கடைசியில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எங்கள் வக்கீல் எழுந்து, "ஞாபகத்தை எப்படி ஆதாரமா எடுத்துக்க முடியும்?" என்றார். நீ மேடையைக் கை காட்டினாய். "அந்த மூணாவது நாற்காலியைக் கேளுங்க. ஐயா, வணக்கம். அஞ்சாம் நம்பர் அறை. ஒரு வருஷம் பதினோரு நாள் எங்க லாட்ஜ்ல இருந்தீங்க. ரிஜிஸ்டர்ல சுத்திப் பார்க்கன்னு போட்டிருக்கு. எதைச் சுத்திப் பார்த்தீங்க? எங்க அறைச் சாவியைத்தான் பார்த்திருக்கீங்க, கையோட எடுத்துட்டுப் போயிட்டீங்க."

அவர் எங்கள் தள மேலாளர். எனக்கு மேலதிகாரி. அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனதை முதல் வரிசை முழுக்கப் பார்த்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜெயித்துவிட்டாயே. ஆனால் வக்கீல், "அப்படின்னா பொய்யா எழுதினது நீங்கதானே?" என்று கேட்டதும் நீ முந்தானைக்குள்ளிருந்து அந்த அட்டையை எடுத்தாய். அதிகாரியிடம் கொடுக்கவில்லை. நேராக மேடை ஏறி என்னிடம் கொடுத்தாய். "எனக்குப் படிப்பு ரெண்டாம் வகுப்பு. நாலு பேர் முன்னால தடுமாறுவேன். இதைப் படிச்சவங்களே படிக்கட்டும்" என்றாய்.

என் கடிதத்தின் வார்த்தைகள். அப்படியே.

நான் படித்தேன். சுற்றிப் பார்க்க. மைக் முன்னால் இருந்ததை மறந்துவிட்டேன். "யார் கையெழுத்து?" என்று அதிகாரி கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ கொஞ்சமாவது முகத்தைத் திருப்பிக்கொள்வாய் என்று நினைத்தேன். கண்கொட்டாமல் நின்றாய். "என்னுடையது" என்றேன். "வேலைக்கு வந்தவங்கன்னு தெரிஞ்சேதான் சுற்றுலாப் பயணிகள்னு எழுதினீங்களா?" என்றார். "தெரியும்" என்றேன்.

மறுநாள் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அறிக்கை முழுவதும் என் சொந்தத் தவறு, கம்பெனிக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். மூன்றாவது நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினோரு கிணறு போடும் இரண்டாம் கட்டம் மூன்று மாதத்துக்குத் தள்ளி வைப்பு என்று பேப்பரில் போட்டிருக்கிறது. உன் மடு பிழைக்கலாம்.

நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். திருப்தியா என்று கேட்டேனே, பதில் எழுது. ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று.

சிட்டு


மார்ச் 20

சிட்டுக்கு,

ஆமாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். நீ ஒலிபெருக்கியில் படித்த அந்த இரண்டு வார்த்தையை இப்போதும் துணி துவைக்கும்போது நினைத்துக்கொள்கிறேன், கை வலி தெரிவதில்லை. வருத்தப்படுவேன் என்று நினைத்து நீ அவ்வளவு நீளமாக எழுதியிருந்தால், தாள் வீண். இரண்டு தடவை படித்தேன், ருசிக்காக.

அவர்கள் கேட்கிற காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. உன் மேல் இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. மூன்றாவது நாற்காலி தப்பிக்கக் கூடாது. தனியாக நீ மாட்டினால் என் கோபம் பாதியில் நின்றுவிடும்.

அஞ்சாம் நம்பர் சாவி தபாலில் வந்துவிட்டது. கூட ஒரு வரி இல்லை. சாவியோடு கோத்த மரக்கட்டையில் கிரீஸ் அப்பியிருந்தது. அந்தக் காகித உறையை அப்படியே வைத்திருக்கிறேன். கம்பெனி முத்திரையும் தேதியும் அதன் மேல் இருக்கிறது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அதிகாரி என்னிடம் வந்தார். "லாட்ஜ்காரம்மா, வேலைக்கு வந்தவங்க யாருன்னு சொல்லிட்டீங்க. நிஜமாவே மடுவைப் பார்க்க வந்தவங்க எத்தனை பேர்? கிணறு வர்றதுக்கு முன்னால எத்தனை, வந்தப்புறம் எத்தனை? அதைக் கொடுத்தாத்தான் என்னால எழுத முடியும்" என்றார். என் வீட்டுக்காரர் எழுதிய பழைய ரிஜிஸ்டர்கள் கூரை ஒழுகிக் கூழாகிப் போனது உனக்குத் தெரியும். "எல்லாம் தலையில இருக்கு ஐயா, முப்பத்தொரு வருஷம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "தலையைத் தாக்கல் பண்ண முடியாதேம்மா. எழுதி, ஏப்ரல் முப்பதுக்குள்ள கொண்டுவாங்க. அதுல பத்து இருபது பேரைக் கூப்பிட்டு விசாரிப்பேன். சரியா இருந்தா அதுவும் ஆதாரம்தான்" என்றார்.

நான் ஒரு கடிதம் எழுதவே நாலு நாள் ஆகிறது. படகுக்காரர் படிப்பார், எழுத்து அவருக்குக் கோழி கிளறின மாதிரி. இந்த ஊரில் வேகமாகவும் அழகாகவும் எழுதுகிற கை யாருக்கும் இல்லை. உனக்கு இருக்கிறது. வேலையும் இல்லை.

ஆகவே நீ வருகிறாய். அஞ்சாம் நம்பர் அறையைக் கழுவி விட்டிருக்கிறேன். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை நான் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். கல்யாணமான மறுநாள் வந்து மடுவில் மோதிரத்தைப் போட்டுவிட்டு, அடியில் மின்னுவதைப் படகிலிருந்து பார்த்து அழுதார்களே, அவர்களிலிருந்து தொடங்குவேன். குறைந்தது நாலாயிரம் வரி வரும். ஒவ்வொரு வரியிலும் பெயர், அறை, தேதி, கடைசிக் கட்டத்தில் வந்த நோக்கம். அதில் "சுற்றிப் பார்க்க" என்று முழுசாக எழுத வேண்டும். மேற்படி என்று போட விட மாட்டேன். இரண்டு சின்னக் கோடு போட்டு ஏமாற்றவும் விட மாட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். உன் கை வலிக்கும்போது எனக்கு ஒரு சிலேட் ஞாபகம் வரும்.

படம் வரைகிறவளைப் பற்றி எழுதியிருந்தாயே. அது உண்மை. இடம் இல்லை என்று சொன்னது நான்தான். அவளுக்கும் ஒரு வரி உண்டு: வர நினைத்தாள், லாட்ஜ்காரி திருப்பி அனுப்பினாள். அதையும் உன் கையாலேயே எழுது. என் மேல் பழி தீர்க்க உனக்கும் ஒரு வரி கிடைக்கட்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று பஸ்ஸில் யாரிடமும் சொல்லிக்கொண்டு வராதே. மன்னிக்கவில்லை.

வந்ததும் முதலில் பச்சை ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். உனக்கும் அதே சட்டம்தான். அன்றைய தேதி, பெயர், அஞ்சாம் நம்பர் அறை வரைக்கும் நான் எழுதி வைக்கிறேன். வந்த நோக்கம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருப்பேன். அதில் என்ன எழுதுகிறாய் என்று பார்க்கிறேன். பார்த்து எழுத அட்டை கிடையாது.

அக்கா